ஆலயக் குரலும் ஐந்தாம் பிரிவும்: கிள்ளான் பள்ளத்தாக்கின் வழிபாட்டு இல்லங்களுக்கு ஒரு திறந்த மடல்



கோலாலம்பூரிலும், அதனைச் சூழ்ந்த கிள்ளான், ஷா ஆலம், பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, பூச்சோங் முதலிய நகரங்களிலும் தமிழர்தம் வழிபாட்டு இல்லங்களைப் பேணிவரும் நிர்வாகக் குழுவினருக்கும், அவ்வில்லங்களில் தேவாரம் ஓதுவோர், பசனைக் குழுவினர், நாதசுர தவில் கலைஞர், உறுமி மேளக் குழுவினர், தமிழ்த் திருச்சபைகளின் பாடகர் குழுவினர் ஆகிய அனைவருக்கும் இம்மடல் எழுதப்படுகிறது. வழிபடும் உரிமைக்கு ஊறு நேரும்போது தயங்காமல் எழுகின்ற ஆலயக் குரல், மனித உயிருக்கும் உடலுக்கும் ஊறு நேரும்போதும் அதே உறுதியோடு எழ வேண்டும் என்பதே இதன் வேண்டுகோள்.

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டு பிரிவுகள் இங்கே கருதத்தக்கன. 11ஆம் பிரிவு, ஒவ்வொருவரும் தம் சமயத்தை ஏற்று ஒழுகும் உரிமையையும், ஒவ்வொரு சமயக் குழுவும் தன் சமய அலுவல்களைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையையும் வழங்குகிறது. 5ஆம் பிரிவோ, சட்டத்தின்படியன்றி எவருடைய உயிரும் உடல் விடுதலையும் பறிக்கப்படலாகாது என்றும், கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும், அவர் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்கப்பட வேண்டும் என்றும், 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்றும் கூறுகிறது. ஆலய நிலத்தின் பட்டா, இடமாற்றம், உடைப்பு அறிவிக்கை ஆகியவற்றோடு பல்லாண்டு மல்லாடிய பழக்கத்தால் 11ஆம் பிரிவை நிர்வாகக் குழுக்கள் நன்கறியும். தடுப்புக் காவலில் மகனை இழந்த ஒரு தாய் ஆலய வாசலுக்கு வரும்போது அவருக்குத் துணையாக நிற்பது 5ஆம் பிரிவு. அதனை ஆலயத்தின் அலுவலாகக் கருதும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. முதலாவதைக் காக்கும் கடமை தமக்குண்டு என்று கருதுவோர் இரண்டாவதைக் காவல் நிலையத்திற்கும் வழக்கறிஞருக்கும் மட்டுமே உரியதென்று விட்டுவிடுவதற்கு வரலாற்றில் சான்று இல்லை. சமயத்தில் அதற்கு இடமே இல்லை.

வழிபாடும் உரிமையும் இணைந்து நின்றதைத் தோட்டப்புறக் காலத்திலிருந்தே காணலாம். கங்காணியும் கிராணியும் தோட்டத்துரையும் தொழிலாளியின் நாளைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து இரவு வரை அளந்து வைத்திருந்த காலத்தில், லயன் வீடுகளுக்கு அருகே மண்ணாலும் தகரத்தாலும் எழுந்த மாரியம்மன், முனீசுவரன் கோயில்கள் தொழிலாளர் தம் விருப்பப்படி கூடுவதற்கு வாய்த்த மிகச் சில இடங்களுள் அடங்கும். ஆண்டுத் திருவிழாவில் தப்பும் உறுமியும் முழங்கியபோது அவர்கள் கூலிகளாக எண்ணப்படாமல் ஊர் மக்களாக நின்றார்கள். யாருக்கு முதல் மரியாதை, யார் கரகம் எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். சாதி வேற்றுமையும் அதே களத்தில் நின்றது என்பதை மறைக்கலாகாது. ஆயினும் தாமே ஒன்றைத் தீர்மானிக்கும் பழக்கம் அங்கே வளர்ந்தது. 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் படிப்போர் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியை உணர்வர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் செயலாளர் ஆர். எச். நாதனின் வழிகாட்டலில் எழுந்த அப்போராட்டம், சீனத் தொழிலாளருக்கு இணையான கூலியை மட்டும் கேட்கவில்லை. பெண்களிடம் தகாத முறையில் நடப்பதற்கு முடிவும், கள்ளுக்கடைகளை மூடுதலும், பேச்சுரிமையும் கூட்ட உரிமையும், வெள்ளைக்காரத் துரையைக் கண்டவுடன் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தின் ஒழிப்பும் கேட்கப்பட்டன. காந்தித் தொப்பி அணிந்ததையும் நிர்வாகங்கள் கலகக் குறியாகக் கண்டன. மே 5இல் நாதன் கைது செய்யப்பட்டதும் வேலைநிறுத்தம் பரவியது, சிலாங்கூரில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு இந்தியப் படையினரே தொழிலாளருக்கு எதிராக இறக்கப்பட்டனர், ஐவர் கொல்லப்பட்டனர், ஏறத்தாழ 300 பேர் கைதாயினர், நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். கிள்ளானில் இன்று கோபுரம் உயர்ந்து நிற்கும் ஆலயங்களின் அடியார்களுள் அந்தத் தொழிலாளரின் பேரர்களும் கொள்ளுப் பேரர்களும் இருக்கின்றனர். அந்த ஐவரின் நினைவாக ஒரு மோட்ச தீபமேனும் ஆண்டுதோறும் ஏற்றப்படுவது முறையாகும்.

வழிபாடும் பாட்டும் உரிமைப் போராட்டத்திற்குத் துணை நின்ற முறையைத் தமிழகத்திலும் பிற நாடுகளிலும் கூர்ந்து நோக்கினால், துணை என்பது வெறும் உணர்ச்சியூட்டலாக இருந்ததில்லை என்பது புலனாகும். 1930 ஏப்ரல் 13இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்திற்கு உப்பெடுக்கப் புறப்பட்ட தொண்டர்கள், நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அதற்கென்றே எழுதிய வழிநடைப் பாடலைப் பாடிக்கொண்டு நடந்தார்கள். தொண்டர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தபோதும், வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டு மக்கள் அவர்களுக்கு உணவளித்தனர். 1955 டிசம்பரில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் கறுப்பின மக்கள் தொடங்கி 381 நாள் நடத்திய பேருந்துப் புறக்கணிப்பும் இத்தகையதே. அங்கே தேவாலயக் கூட்டங்கள் துதிப்பாடலோடு தொடங்கின. அதே தேவாலயங்கள் கூடுவதற்கு மண்டபத்தைத் தந்தன, காணிக்கை திரட்டின, நடந்து வேலைக்குச் செல்லும் மக்களை ஏற்றிச் செல்ல வண்டிகளையும் ஓட்டின. இவ்விரண்டிலும் பாட்டு தனித்து நிற்கவில்லை. அதற்குப் பின்னே சோறும் கூரையும் பணமும் இருந்தன. இம்மடல் கேட்பதும் இவ்வகைத் துணையையே.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வழிபாட்டு இடமும் உரிமைக் கோரிக்கையும் மிக நெருங்கிச் சந்தித்த நாள் 2007 நவம்பர் 25. அதற்கு ஒரு மாதத்திற்குள், தீபாவளிக்குச் சில நாள் முன்னதாக, அக்டோபர் 30இல் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் இருந்த மாரியம்மன் கோயில் உடைக்கப்பட்டிருந்தது. இந்து உரிமைப் பணிப்படை எனப்படும் இண்ட்ராஃப் இயக்கம், பிரிட்டிஷ் ஆட்சியால் கொண்டுவரப்பட்டுப் பாதுகாப்பின்றிக் கைவிடப்பட்ட ஒரு சமூகத்தின் முறையீட்டைக் கோலாலம்பூர் பிரிட்டிஷ் தூதரகத்தில் அளிக்க அழைத்தபோது, பலர் முந்தின இரவே பத்துமலை முருகன் சந்நிதியில் கூடினர். 1892 முதல் தைப்பூசம் நடந்துவரும் அவ்வளாகம் காவடி எடுப்போருக்கு எவ்வளவு பழகிய இடமோ அவ்வளவு பழகிய இடமாக அன்று முறையீட்டாளருக்கும் இருந்தது. விடியுமுன் வாயிற்கதவு பூட்டிய நிலையில் உள்ளிருந்த கூட்டத்தின் மீது கண்ணீர்ப் புகை வீசப்பட்டது, நீர் பீய்ச்சப்பட்டது. நகரின் நடுவே பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் திரண்டனர். பலர் கையில் காந்தியடிகளின் படம் இருந்தது. அதன்பின் பத்துமலை நிகழ்வை ஒட்டி 31 பேர் மீது கொலை முயற்சிக் குற்றம் சாட்டப்பட்டு, டிசம்பர் 17இல் அக்குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. டிசம்பர் 13இல் ஐந்து தலைவர்கள், விசாரணையின்றி ஒருவரைச் சிறை வைக்க இடமளித்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கமுந்திங் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரான எம். மனோகரனை, அவர் முகாமில் இருக்கும்போதே, 2008 மார்ச் பொதுத் தேர்தலில் கிள்ளானின் கோத்தா அலாம் ஷா தொகுதி மக்கள் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர்.

அந்நாளின் நினைவு ஆலயங்களின் பொது நினைவில் எவ்வாறு நிலைபெற்றிருக்கிறது என்பது கவலைக்குரியது. உடைக்கப்பட்ட கோயில்கள் பேசப்படுகின்றன. கூடியிருந்த மக்களின் மற்றக் கோரிக்கைகளான கல்வி, வேலை, குடியுரிமை ஆவணம், தடுப்புக் காவல் மரணங்கள் மீதான விசாரணை ஆகியவை அரசியல் என்று பிரித்து ஒதுக்கப்பட்டுவிட்டன. பத்துமலையில் அன்று கூடியவர்கள் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

தடுப்புக் காவல் மரணம் என்பது, ஒருவர் காவல்துறையின் பொறுப்பில் இருக்கும் காலத்தில் நேரும் இறப்பு. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் 7 விழுக்காட்டிற்கும் குறைவானவர். இத்தகைய இறப்புகளில் அவர்களுடைய பங்கு அதைவிட மிகக் கூடுதல் என்பதை மனித உரிமை அமைப்புகள் நெடுங்காலமாகச் சுட்டிவருகின்றன. 2009 ஜனவரி 20இல் சுபாங் ஜெயாவின் தைப்பான் காவல் நிலையத்தில் ஏ. குகன் இறந்தபோது, நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்று முதற் பிரேதப் பரிசோதனை கூறியது. குடும்பத்தினர் அதை ஏற்காமல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடத்தச் செய்த இரண்டாவது பரிசோதனை, அடிகளால் தசை சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததைக் காட்டியது. அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். அங்கும் கண்ணீர்ப் புகை வீசப்பட்டது. 2013 ஜூனில் உயர் நீதிமன்றம் காவல்துறையைப் பொறுப்பாக்கித் தாய்க்கு எட்டு லட்சம் வெள்ளிக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2017 பிப்ரவரியில் கிள்ளானில் எஸ். பாலமுருகன் என்பவரின் தடுப்புக் காவலை நீட்டிக்க மாஜிஸ்திரேட் மறுத்து, அவரை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லியிருந்தும், அவர் மீண்டும் காவலில் வைக்கப்பட்டு வட கிள்ளான் காவல்துறைத் தலைமையகத்தில் இறந்தார். 5ஆம் பிரிவு எழுத்தளவில் நிற்கும்போது நேர்வது இதுதான்.

இத்தகைய இறப்பு நேர்ந்த வீட்டின் முதல் சில நாட்களை நிர்வாகக் குழுவினர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் பரிசோதனை கேட்பதா, உடலைப் பெற்று எரியூட்டுவதா என்ற முடிவை உறக்கமற்ற ஒரு குடும்பம் சில மணி நேரத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. எரியூட்டிவிட்டால் சான்றும் போய்விடும். இறந்தவருக்கு உரிய சடங்கு தள்ளிப்போகிறதே என்ற அச்சம் பெற்றோரை அவசரப்படுத்துகிறது. அக்கம்பக்கத்தில் 'என்ன குற்றம் செய்தானோ' என்ற பேச்சும் எழுகிறது. அந்நேரத்தில் ஓர் ஓதுவாரும் நிர்வாகத்தினர் இருவரும் வீட்டிற்குச் சென்று திருமுறை ஓதி, சடங்கு சில நாள் தள்ளிப்போவதால் இறந்தவருக்குக் குறையேதும் இல்லை என்று எடுத்துரைத்தால், எந்த வழக்கறிஞராலும் தர முடியாத ஆறுதலும் துணிவும் அக்குடும்பத்திற்குக் கிட்டும். ஓதுதலும் நீதியும் சந்திக்கும் இடம் அதுவே. சட்ட உதவிக்குப் பதிலாக வழிபாட்டை வைத்தல் பிழையாகும்; குகனின் வழக்கில் உண்மையை வெளிக்கொணர்ந்தது மருத்துவ அறிக்கை, அதனை வலியுறுத்திப் பெற்றது குடும்பத்தின் மன உறுதி. அந்த மன உறுதிக்குப் பக்கபலமாக நிற்பதே வழிபாட்டின் பணி.

கிறித்தவத் திருச்சபைகள் இதில் சில முன்மாதிரிகளைக் காட்டியுள்ளன. 2017 பிப்ரவரி 13இல் பெட்டாலிங் ஜெயாவின் கெலானா ஜெயாவில் போதகர் ரேமண்ட் கோ பட்டப்பகலில் கடத்தப்பட்டபின், அவருக்காக மெழுகுவத்தி ஏந்திய வேண்டுதல் கூட்டங்கள் நடந்தன; பல சமயத்தவரும் அவற்றில் நின்றனர். 2019 ஏப்ரலில் மலேசிய மனித உரிமை ஆணையமான சுஹாக்காம், இது காவல்துறையின் சிறப்புப் பிரிவினரால் நிகழ்த்தப்பட்ட வலிந்து காணாமலாக்கல் என்ற முடிவுக்கு வந்தது. 2025 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் அரசையும் காவல்துறையையும் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. எட்டாண்டுக்கு மேல் அவ்வழக்கு மறக்கப்படாமல் நின்றதற்கு அவருடைய மனைவி சுசன்னா லியூவின் விடாமுயற்சி முதற்காரணம். கூடி வேண்டிய சபைகளின் பங்கும் அதில் உண்டு. ஒருவருடைய பெயரைச் சொல்லி வேண்டும் இடம் உள்ளவரை அந்தப் பெயர் கோப்புகளுக்குள் புதைவதில்லை. சிங்கப்பூர்ச் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த மலேசியத் தமிழர் பன்னீர்செல்வம் பிரந்தாமன் எழுதிய கவிதைகளும் பாடல்வரிகளும் வெளியே வந்து ஒலித்ததும், 2025 அக்டோபர் 8இல் அவர் தூக்கிலிடப்படும் வரை அவருடைய சகோதரிகளும் ஆதரவாளர்களும் விளக்கேந்தி நின்றதும் இங்கே நினைவுகூரத்தக்கவை. அவருடைய பாட்டு அவர் உயிரைக் காக்கவில்லை. ஆயினும் எண்ணால் குறிக்கப்பட்ட ஒரு கைதியைப் பாடுகின்ற மனிதராகப் பல்லாயிரவர் அறிந்தனர்.

ஆலயம் அரசியலுக்கு அப்பாற்பட்டது என்ற மறுப்பு இவ்விடத்தில் எழுவது இயல்பு. பல ஆலயங்கள் சங்கங்களாகப் பதிவு பெற்றவை. பதிவு நீக்கம், மானிய நிறுத்தம், நிலச் சிக்கல் ஆகியவை பற்றிய அச்சம் வெறுங்கற்பனை அன்று. அவ்வச்சத்தை இம்மடல் மதிக்கிறது. ஆயினும் குடமுழுக்கிலும் திருவிழாவிலும் எல்லாக் கட்சித் தலைவர்களுக்கும் மாலையும் பொன்னாடையும் அணிவித்து மேடையேற்றும் மரபு இருக்கும்போது, இறந்துபோன ஓர் இளைஞனுக்காகத் திருவாசகம் ஓதுவதை மட்டும் அரசியல் என்று விலக்குவது நேர்மையாகாது. கட்சிக்கு வாக்குக் கேட்பது வேறு, உயிருக்கு நீதி கேட்பது வேறு. இரண்டையும் வேறுபடுத்தி நடக்கும் திறம் நிர்வாகக் குழுக்களுக்கு நன்றாகவே உண்டு.

வெளியே நீதி கேட்கும் குரல் உள்ளேயும் நீதியோடு இருத்தல் வேண்டும் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. தில்லை எனப்படும் சிதம்பரம் நடராசர் கோயிலின் சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட முயன்ற சிவனடியார் ஆறுமுகசாமி தாக்கப்பட்டதும், தமிழக அரசு 2008 பிப்ரவரி 29இல் ஆணை பிறப்பித்த பிறகே, மார்ச் 2இல், காவல்துறைப் பாதுகாப்போடு அங்கே தமிழ் ஒலிக்க முடிந்ததும், பாட்டே ஓர் உரிமை வழக்காகும் என்பதைக் காட்டின. கிள்ளான் பள்ளத்தாக்கில் அத்தகைய கேள்வி உறுமி மேளத்தைச் சுற்றி நிற்கிறது. உறுமி, இடை சிறுத்த இருமுக மேளம். அதன் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற ஓர் ஒலி எழும்புகிறது. மறு முகம் மெல்லிய குச்சியால் தட்டப்படுகிறது. தோலைத் தேய்க்கும் மணிக்கட்டு தளராமல் பல மணி நேரம் வாசிப்பது எளிய கலை அன்று. அதனை வாசிப்போர் பெரும்பாலும் மலிவுவிலை அடுக்குமாடிகளில் வாழும் இளைஞர். அவர்களின் முன்னோர் வாசித்த தப்பும் உறுமியும் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்டவை. காவடிக்கு முன்னே அம்மேளம் இல்லாமல் பலரால் நடக்க இயலாது. ஆனால் தைப்பூசம் முடிந்தவுடன் அதே இளைஞர்கள் குண்டர் கும்பலோடு சேர்த்துப் பேசப்படுகின்றனர். ஒழுங்கு விதிகள் தேவைதான். அவ்விதிகளை வகுக்கும் கூட்டத்தில் உறுமிக் கலைஞருக்கும் ஓர் இருக்கை தரப்பட வேண்டும். தெருவில் அவர்கள் தடுத்து நிறுத்தப்பட்டால் ஆலயம் தன் கலைஞர் என்று முன்வந்து சொல்ல வேண்டும். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைக்கப்படும் நாதசுர தவில் கலைஞரின் கடப்பிதழ் அவரிடமே இருப்பதும், ஊதியம் மாதந்தோறும் ஒப்பந்தப்படி சேர்வதும், வார ஓய்வு நாள் கிடைப்பதும் உரிமை பற்றிய பேச்சின் முதல் தேர்வுகள்.

செயலளவில் வேண்டப்படுவன சிலவே. கிள்ளானிலும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் உள்ள இல்லங்கள் முன்வந்து, காவலில் இறந்தோர் குடும்பங்களுக்கும், குற்றம் சாட்டாமல் 28 நாள் வரை தடுத்துவைக்க இடமளிக்கும் சொஸ்மா சட்டத்தின்கீழ் அடைபட்டோர் குடும்பங்களுக்கும் மண்டபத்தைக் கட்டணமின்றித் திறந்துவிடலாம். கந்தசுவாமி கோயிலும் செபமாலை மாதா ஆலயமும் லுத்தரன் திருச்சபையும் தமிழ் முஸ்லிம்களின் மதரசாவும் அருகருகே இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸில் இது பல சமயத்தார் கூடிச் செய்யக்கூடிய பணி. முதலில் யார் அழைப்பது என்பதே தடை. சட்ட உதவி மையங்களின் தொலைபேசி எண்களும், கைதானால் 5ஆம் பிரிவு தரும் உரிமைகளும் எளிய தமிழிலும் மலாயிலும் அச்சிடப்பட்டு, பூசை நேர அட்டவணை ஒட்டப்படும் அதே பலகையில் இடம்பெறலாம். திருமுறை ஓதும் போட்டிகளிலும் ஞாயிறு வகுப்புகளிலும், பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் பதிவுப் படிவத்திலேயே தடுக்கப்படாமல் சேர்க்கப்பட வேண்டும். அப்பிள்ளைகளின் ஆவணங்களுக்காகத் தேசியப் பதிவுத் துறைக்கு விண்ணப்பிக்க உதவும் ஒருவரை ஒவ்வொரு நிர்வாகமும் பொறுப்பாக நியமிக்கலாம். இவற்றுக்கான செலவு, திருவிழாவின் ஒருநாள் உபயத்தைத் தாண்டாது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவை தனித் தீர்மானமாகச் சேர்க்கப்பட்டு, உறுப்பினர் முன் வாக்கெடுப்புக்கு விடப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.